வெண்கலம் நிலாவுக்குப் போனது

29 டிசம்பர் 2025, திங்கட்கிழமை. கிழக்குத் தாம்பரம்.

ஆண்டு முடிய இன்னும் இரு நாள்கள் இருக்கையிலேயே, நாளிதழில் இவ்வாண்டின் சிறந்த அறிவியல் செய்திகளைப் பட்டியலிட்டுவிட்டார்கள். முறையன்று. ஆயினும் ஆண்டுதோறும் செய்வதுபோல் என் மனைவி எஸ்தருக்கு வாசித்துக் காட்டினேன். இவ்வாண்டு அவளுக்குக் காது அறவே கேட்பதில்லை. ஆகவே, பேச்சை எழுத்தாக்கிக் காட்டும் செயலி ஒன்றைக் கூடுவாஞ்சேரியிலிருந்து கிறிஸ்துமஸுக்கு வந்த மகள் கைப்பேசியில் ஏற்றித் தந்திருந்தாள்.

நான் ‘விண்கலம்’ என்றேன். அது ‘வெண்கலம்’ என்று எழுதியது.

“வெண்கலம் எதுக்குங்க நிலாவுக்குப் போவுது? பானை விக்கவா?” என்று எஸ்தர் சிரித்தாள்.

மீண்டும் அழுத்திச் சொன்னேன். மீண்டும் வெண்கலமே. சலிப்புடன் செய்தித்தாளை மடித்து, “உனக்கும் கேக்கலைன்னா நான் யார்கிட்டதான் பேசுறது” என்று முணுமுணுத்தேன்.

கைப்பேசி அதையும் எழுதிவிட்டது. அதில் மட்டும் ஓர் எழுத்துப் பிழையும் இல்லை.

எஸ்தர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மெல்லப் படித்தாள். பிறகு கைப்பேசியை என் வாயருகே நகர்த்தி வைத்தாள்.

“என்கிட்டதான் பேசணும். சொல்லுங்க, வெண்கலம் போய்ச் சேர்ந்துச்சா இல்லியா?”

“வெண்கலம் பத்திரமா எறங்கிடுச்சு” என்றேன்.