ஒரு சாண் தள்ளி

மார்ச் 3, செவ்வாய்

இன்று முப்பத்தொன்பது பேருக்கு ரத்தம் எடுத்தேன். ஒரு பெரியவர் ஒரு மணி நேரம் எனக்காகவே உட்கார்ந்திருந்தாராம். "அந்தப் பொண்ணு வரட்டும், அது குத்தினா தெரியவே தெரியாது." பரிசோதனைக்கூடத்தில் என் பெயரே கைராசிக்காரி.

வீட்டில் அண்ணன் படுக்கையை நனைத்திருந்தான். மாற்றினேன். பக்கவாதம் வந்து ஏழு மாதம் ஆகிறது. வலது பக்கம் விளங்கவில்லை. பேச்சு ஒவ்வொரு சொல்லாகத்தான் வருகிறது. அண்ணி அவனை விட்டுப் போய் ஒன்பது வருடம். அம்மா அப்பா இல்லை. எனக்குக் கல்யாணமும் ஆகவில்லை. என் தலையில் விழுந்தான்.

"தண்ணி" என்றான். காதில் விழுந்தது. விழாதது போலத் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பதினோரு துணி. எல்லாவற்றையும் மடித்து முடித்த பிறகே கொடுத்தேன்.

எதற்கு எண்ணினேன்?

மார்ச் 5

மாடி வீட்டு அக்கா: "உன்னை மாதிரி தங்கச்சி கிடைக்கக் கொடுத்து வெச்சிருக்கணும்."

பல் கூசியது.

மார்ச் 11, புதன்

எழுதக் கை வரவில்லை. எழுதாவிட்டால் நடக்கவில்லை என்று ஆகிவிடுமா?

கட்டிலை ஒட்டிய மேசையில் அவன் என்னைக் கூப்பிட ஒரு மணி இருக்கிறது. தட்டினால் ஒலிக்கும். இடது கைக்கு எட்டும்படி வைத்திருப்பேன். இன்று காலை அதை ஒரு சாண் தள்ளி வைத்தேன். தவறுதலாக இல்லை. வைத்துவிட்டு அறை வாசலில் நின்று பார்த்தேன். கையை நீட்டினான். விரல் நுனி மேசை விளிம்பைத் தடவியது. எட்டவில்லை. என்னைப் பார்த்தான்.

எனக்கு இனித்தது. வேறு சொல் இல்லை. இத்தனை வருடத்தில் இப்படி ஒரு நிம்மதி எனக்கு வந்ததே இல்லை.

என் வலது சுண்டுவிரல் மடங்காது. பதினாறு வயதில் எதிர்த்துப் பேசினேன் என்று, அதைக் கதவிடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தினான். அவனுக்கு அப்போது இருபத்து மூன்று. அவன் முகத்தில் கோபமே இல்லை. அமைதியாக இருந்தான். அந்த அமைதிதான் எனக்கு இத்தனை காலமும் புரியவில்லை. இன்றைக்குப் புரிந்துவிட்டது. ஐயோ, புரிஞ்சிடுச்சே.

மார்ச் 12

இன்றும் தள்ளி வைத்தேன்.

மார்ச் 14, சனி

கடைக்குப் போய்த் திரும்ப அரை மணி நேரம்கூட ஆகவில்லை. தரையில் கிடந்தான். மணியை எட்டப் பார்த்து விழுந்திருக்கிறான். நெற்றி பிளந்து, ரத்தம் காதுவரை வழிந்திருந்தது. தினமும் ரத்தத்தோடு புழங்குகிறவள் நான் — அழுத்திப் பிடிக்க ஒரு துணி எடுக்கக்கூடத் தோன்றவில்லை.

ஆறு தையல்.

"எப்படிம்மா விழுந்தாரு?" என்றார் டாக்டர்.

"தூக்கத்துல புரண்டுட்டாரு."

"ஒண்டியா இவ்வளவு பார்த்துக்கறீங்களே, பெரிய விஷயம்மா."

அண்ணன் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். ஒரே ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

என் விரல் ஒடிந்த அன்று அம்மா டாக்டரிடம், "காத்துல கதவு அடிச்சிடுச்சு" என்றாள். அன்று நானும் மேற்கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 15

இது எப்போது எனக்குள் வந்தது? அவனிடமிருந்து தொற்றியதா? இல்லை, அவன் எழுந்திருக்க முடியாமல் கிடக்கும் நாளுக்காக முதலிலிருந்தே உள்ளே உட்கார்ந்திருந்ததா? இவ்வளவு நாள் நான் நல்லவளாக இருந்தது குணத்தாலா, வாய்ப்பு கிடைக்காததாலா?

செத்துடலாம் போல இருக்கு. நான் போயிட்டா அவனை யார் பார்ப்பா? — பாரு, இப்பக்கூட நல்லவ வேஷம்.

மார்ச் 17, செவ்வாய்

அண்ணிக்குப் போன் செய்தேன். ஒன்பது வருடத்துக்குப் பிறகு. பின்னால் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் கொட்டினேன். மிஷின் நின்றது.

"இனிச்சுதா?" என்றாள்.

"ஆமா அண்ணி."

"அந்த ருசி எனக்கும் தெரியும். நான் எதுக்குப் போனேன்னு நினைச்சே? அடிச்சாருன்னா? அடி பழகிப்போச்சு. ஒரு நாள் உங்கண்ணனுக்கு நெஞ்சு வலி. மாத்திரை என் கையில இருக்கு. கதவுகிட்ட நின்னு அவர் துடிக்கறதைப் பார்த்துட்டிருந்தேன். கொஞ்ச நேரம்தான். அப்புறம் கொடுத்துட்டேன். மறுநாளே பெட்டியைக் கட்டினேன். அவருக்குப் பயந்து இல்லடி. எனக்குப் பயந்து."

எனக்கு அழுகை நிற்கவில்லை.

"அழாதேன்னு சொல்ல மாட்டேன். நீ பண்ணது தப்புதான். ஆனா உள்ளே அது இருக்குன்னு பார்த்துட்டே இல்ல? இனிமே அதைத் தனியா அவரோட ஒரே ரூம்ல விடாதே."

மார்ச் 18

டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. எழுதியிருந்ததை அடித்துவிட்டுத் திருத்தினார். இனி வாராவாரம் ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்து அண்ணனைப் பார்த்துவிட்டுப் போவாராம். பகல் வேளைக்கு ஓர் அம்மாளையும் அனுப்புகிறார்கள். வெளியே வரும்போது முதுகில் அவர் பார்வை குத்தியது. குத்தட்டும்.

மார்ச் 22, ஞாயிறு

அவன் எதிரில் உட்கார்ந்தேன். "மணியை நான்தான் தள்ளி வெச்சேன். வேணும்னே."

"தெரி... யும்."

"அப்புறம் ஏன் டாக்டர்கிட்ட சொல்லல?"

வாய் வெகுநேரம் போராடியது. கழுத்து நரம்பு புடைத்தது. கடைசியில், "விரல்" என்றான்.

அவ்வளவுதான். மன்னிப்பு கேட்கிறானா, சரிக்குச் சரி என்கிறானா? தெரியவில்லை. "நான் உன்னை மன்னிக்கல அண்ணா" என்றேன். தலையை ஆட்டினான். "நீயும் என்னை மன்னிக்க வேணாம்." அதற்கும் ஆட்டினான்.

ஏப்ரல் 9

மாடி வீட்டு அக்கா மறுபடியும் புகழ்ந்தாள். "இல்லக்கா, நான் கொஞ்சம் மோசமானவதான்" என்றேன். தன்னடக்கம் என்று நினைத்து இன்னும் புகழ்ந்தாள்.

மே 2, சனி

பகல் வேளை அம்மாளுக்கு இன்று விடுமுறை. நானே கஞ்சி ஊட்டினேன். துப்பினான். துடைத்துவிட்டு மறுபடி ஊட்டினேன். என் முகத்தில் துப்பினான். கண்ணில் அந்தப் பழைய அண்ணன்.

அந்த அமைதி மெல்ல ஏறி வருவது தெரிந்தது. கரண்டியை வைத்தேன்.

"எனக்குக் கோபம் வருது. பத்து நிமிஷம் வெளியே போயிட்டு வரேன்."

தெருமுனைவரை நடந்தேன். மூச்சு ஒரு நிலைக்கு வந்ததும் திரும்பினேன். அவன் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பன்... னெண்டு" என்றான்.

"ஆமா. ரெண்டு நிமிஷம் லேட்."

கஞ்சியைச் சுடவைத்து எடுத்து வந்தேன். வாயைத் திறந்தான்.