அகலம் ஐந்நூறு, உயரம் எண்ணூறு

மார்ச் 3, வியாழன்

ஆய்வகத்தில் இன்று ஏழு தண்ணீர் மாதிரிகள். ஆறு சரி. ஒன்றில் குளோரின் அதிகம். அதைக் குடித்தவர்களுக்கு வயிறே வெளுத்திருக்கும்.

மாலை அக்கா தொலைபேசியில். "ஏய், உன் ஃபோட்டோ போகலடி. மெயில் திரும்பி வந்துடுச்சு. ரொம்பப் பெருசாம்."

"நானா, ஃபோட்டோவா?"

"ஃபோட்டோதான்! மூணு எம்.பி. அவர் ஆபீஸ் மெயில் அரை எம்.பி.க்கு மேல வாங்காதாம். உன் கம்ப்யூட்டர்ல சின்னதாக்கி நீயே அனுப்பிடு."

'அவர்' என்பவர் நில அளவையாளர். ஐம்பத்திரண்டு வயது. மனைவி இறந்து சில வருடங்கள் ஆகின்றன. அத்தானின் நண்பர் மூலமாக வந்த சம்பந்தம். நாற்பத்தொன்பது வயதில் எனக்கு எதற்குக் கல்யாணம் என்று கேட்டால் அக்கா அழுவாள். ஆகவே 'பார்க்கலாம்' என்று சொல்லி வைத்திருக்கிறேன். 'வேண்டாம்' என்பதற்கு நான் வழக்கமாகச் சொல்லும் சொல் அதுதான்.

படம் போன மாதம் அத்தான் தன் புது டிஜிட்டல் கேமராவில் எடுத்தது. அக்கா வீட்டுப் புத்தக அலமாரி முன்னால் நிற்கிறேன். யாரோ திட்டியது போல.

மார்ச் 4, வெள்ளி

சின்னதாக்கினேன். அனுப்பினேன். இவ்வளவுதானா?

மார்ச் 5, சனி

இவ்வளவு இல்லை. அளவையாளரிடமிருந்து முதல் கடிதம், ஒரே வரியில்: "படம் கிடைத்தது. லென்ஸ் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன்."

அனுப்பியதைத் திறந்து பார்த்தேன். 600 என்று அடிக்க வேண்டிய இடத்தில் 60. தபால்தலைகூட இதைவிடப் பெரிது.

சிரிப்பு வந்தது. வந்திருக்கக் கூடாது.

மார்ச் 6, ஞாயிறு

காலை முழுக்கக் கணினி முன்னால். படத்தின் அளவை மாற்றும் இடத்தில் இரண்டு கட்டங்கள்: அகலம், உயரம். கீழே சிறு பெட்டி, 'விகிதம் மாறாமல் வை' என்று. அதில் டிக் இருந்தால், ஒன்றைக் குறைக்கும்போது மற்றதும் கூடவே குறைகிறது, சொன்ன பேச்சுக் கேட்கும் பிள்ளை மாதிரி. அகலம் 600 என்றேன். உயரம் தானாக 800 ஆயிற்று. திரையில் நான். சந்தேகமே இல்லை, நானேதான். கன்னம், கன்னத்துக்குக் கீழே இன்னொரு கன்னம்.

டிக்கை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? ஆராய்ச்சி ஆர்வம், வேறொன்றுமில்லை. உயரத்தைத் தொடாமல் அகலத்தை மட்டும் 500 ஆக்கினேன்.

அடேயப்பா!

கழுத்து வந்தது. இடுப்பு என்று ஒன்று இருப்பதாக வதந்தி கிளம்பியது. எம்.எஸ்ஸி. படித்தபோது இப்படி இருந்தேனா? அப்போதும் இல்லை. ஆசை யாரை விட்டது, 400 போட்டுப் பார்த்தேன். ஒட்டகச்சிவிங்கி. நம்பும்படி இருப்பது 500தான்.

படத்தின் ஓரத்தில் அக்கா மகனின் சைக்கிள் நின்றது. சக்கரம் முட்டையாகியிருந்தது. அந்தப் பக்கத்தையே வெட்டி எறிந்தேன். தடயம் இல்லை. அனுப்பினேன்.

குளோரினை இரண்டு தசம இடம் வரை எழுதிக் கையெழுத்துப் போடுகிறவள் நான். ஆனால் இன்று ஞாயிற்றுக்கிழமை, விடுமுறை.

மார்ச் 7, திங்கள்

மனசாட்சி உறுத்தவில்லை. படத்தைக் குறைக்கச் சொன்னார்கள், குறைத்தேன். எந்தப் பக்கமாக என்று யாரும் சொல்லவில்லையே.

மார்ச் 9, புதன்

அவர் படம் வந்தது. அக்காவுக்கும் ஒன்று போயிருக்கிறது; பத்து நிமிடத்தில் தொலைபேசி.

"பாத்தியா, எவ்ளோ உயரம்! ஒல்லியா, பதவிசா... நீ என்னடி சொல்ற?"

"பார்க்கலாம்."

"உன் பார்க்கலாத்துல தீயை வைக்க!"

அலுவலக அறையில் நிற்கிறார். நீள முகம், நீளக் கை. பின்சுவரில் ஒரு கடிகாரம். இந்தப் படத்தில் ஏதோ இடிக்கிறது. என்ன?

மார்ச் 10, வியாழன்

கடிகாரம்!

திரையில் அடிக்கோலை வைத்து அளந்தேன். அகலம் இரண்டரை சென்டிமீட்டர், உயரம் மூன்று. உலகத்தில் எந்தச் சுவரில் முட்டைக் கடிகாரம் மாட்டுகிறார்கள்? டிக்கை எடுத்துவிட்டு, கடிகாரம் வட்டமாகும் வரை அகலத்தைக் கூட்டினேன். மனிதர் மெல்ல மெல்லப் பரவினார். தொப்பை எட்டிப் பார்த்தது. சட்டைப் பொத்தான் ஒன்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தது. தனியாக உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன்.

பிறகு என் பழைய புத்தி. முன்பு வந்த வரன்களில் ஒருவரை விரல் சொடுக்குகிறார் என்று தள்ளினேன். இன்னொருவர் சாப்பிடும்போது சத்தம். இவரிடம் குறை எதுவும் அகப்படவில்லையே என்று இருந்தேன், தானாக வந்து மாட்டினார். அக்காவைக் கூப்பிட்டு, கடிகாரக் கதையை ரசித்து ரசித்துச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"நிலத்தை அளக்கறவனே அளவை மாத்தினா எப்படிடி நம்பறது? வேண்டாம். நான் சொல்லிடறேன்."

"உன் இஷ்டம்," என்றேன். என் 500-ஐப் பற்றி வாயே திறக்கவில்லை.

மார்ச் 11, வெள்ளி

நிம்மதியாக இருக்கிறது.

மார்ச் 12, சனி

நேற்று எழுதியது பொய்.

அகலமாக்கிய அவர் படத்தைத் திறந்தேன், ஒழுங்காகச் சேமித்தேனா என்று பார்க்க. மூன்றாவது தடவையாக. ஒன்று சொல்ல வேண்டும்: ஒடுக்கிய படத்தில் சிரிப்பும் ஒடுங்கிப் போயிருந்தது. இதில் முகம் முழுக்கச் சிரிக்கிறார். கேமராவுக்காகச் சிரிப்பது போல இல்லை. எதையோ செய்துவிட்டு அடக்க முடியாமல் சிரிப்பது போல. லென்ஸ் தேடும் ஆள் இவர்தான்.

இவரைக் கை கழுவிவிட்டு அடுத்து எதைப் பார்க்கப் போகிறேன்? குளோரினையா?

கடிதம் எழுதினேன். பத்து வரி எழுதி ஒன்பதை அழித்தேன். மிச்சம்: "உங்கள் சுவர்க் கடிகாரம் உயரவாக்கில் நீண்டிருக்கிறது. அதற்கு உடம்பு சரியில்லையா?"

மார்ச் 13, ஞாயிறு

பதில் வந்துவிட்டது. அப்படியே எழுதி வைக்கிறேன்:

"கடிகாரம் நலம். நீங்கள் கவனிப்பீர்களா என்று நான்கு நாளாகக் காத்திருந்தேன். உங்கள் படத்தில் மூக்குக் கண்ணாடி நெட்டுக்குத்தலாக முட்டை வடிவில் இருக்கிறது. அப்படி ஒரு கண்ணாடி விற்கிறார்களா என்று இரண்டு கடைகளில் விசாரித்தேன், இல்லையாம். அளந்தேன். ஒன்றுக்கு ஒன்று புள்ளி இரண்டு. என் படத்தையும் அதே கணக்கில் ஒடுக்கினேன். ஒரே வரைபடத்தில் இரண்டு அளவுகோல் இருக்கக் கூடாது என்பது எங்கள் தொழில் விதி. உண்மையான நான் இணைப்பில்."

சைக்கிளை வெட்டினேன். மூக்கின் மேல் இருந்த வட்டக் கண்ணாடியை விட்டுவிட்டேன்!

காது வரை சூடு. கோபமா? இல்லை. கோபம் எனக்குத் தெரியும், இது அது இல்லை.

உடனே அக்காவுக்கு. "அக்கா, அதைச் சொல்லிடாத."

"எதை?"

"வேண்டாம்னு."

"நேத்தே சொல்லியாச்சேடி! அத்தான் ஃப்ரெண்டு இந்நேரம் அவர்கிட்ட சொல்லியிருப்பார். ஏன், இப்ப என்ன?"

"அவர் மாத்தினது... முதல்ல நான்தான் மாத்தினேன்."

"நீயா?" என்றாள். நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்டது போல. பிறகு விழுந்து விழுந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். வைத்துவிட்டேன்.

ஐயோ, என்ன காரியம் பண்ணினேன்? இப்ப யார் பேசறது? நானா? — நான்தான். வேற நாதி?

கடிதத்தின் அடியில் அவர் எண் இருந்தது. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு அழைத்தேன்.

"வேண்டாம்னுட்டீங்கன்னு காலைல தகவல் வந்துச்சே," என்றார். குரலில் சிரிப்பு இல்லை.

"அது தப்பான தகவல்."

"அப்படியா? அப்ப சரியானது எது?"

'பார்க்கலாம்' நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன்.

அவரே பேசினார். "சரி, நான் என் நிஜப் படத்தை அனுப்பிட்டேன். உங்களுது?"

"மூணு எம்.பி. உங்க ஆபீஸ் மெயில்ல போகாது."

"சின்னதாக்கத் தெரியாதா உங்களுக்கு?"

"தெரியாது," என்றேன்.

"அப்ப வேற வழியில்ல. நேர்ல வந்துதான் பாக்கணும்," என்றார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை வாங்க."

மார்ச் 20, ஞாயிறு

அக்காவும் அத்தானும் முதலிலேயே வந்து உட்கார்ந்திருந்தார்கள். அக்கா என்னைப் பார்க்கும்போதெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர் மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்து நின்றார். நான் அகலமாக்கிய படத்தைவிட இன்னும் கொஞ்சம் அகலம். கையில் ஒரு பாட்டில்.

"வெறுங்கையோட போகாதேன்னாங்க. எங்க தெருக் குழாய்த் தண்ணி. சோதிச்சுச் சொல்லுங்க."

அத்தான் முகம் போன போக்கு! நான் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். லேசாக மண்.

"ஒரு வாரம் ஆகும். அடுத்த ஞாயிறு வந்து தெரிஞ்சுக்குங்க," என்றேன்.

ஒரு மணி நேரம்கூட ஆகாது.

ஜூன் 12, ஞாயிறு

கீழ்வீட்டு அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "அந்த சார் வாராவாரம் தண்ணி பாட்டிலோட வர்றாரே, இன்னுமா சோதிச்சு முடியல?"

"சந்தேகம் தீர வேண்டாமா?" என்றேன்.

மாலை அவர் கிளம்பும்போது படியருகே நின்று சொன்னேன்: "அடுத்த மாசத்துலேர்ந்து பாட்டில் தூக்கிட்டு வர வேண்டாம்."

முகம் சுருங்கிவிட்டது. "ஏன், முடிவு சரியில்லையா?"

"இந்த வீட்டுக் குழாய்லயே பிடிச்சுக்கலாம்."

தலையாட்டிவிட்டு இறங்கினார். நாலைந்து படி போன பிறகுதான் அவருக்குப் புரிந்தது. திரும்பி ஏறி வந்தார்.