கேட் வரைக்கும் அப்பா வருவார்

சேசு மரி சூசை துணை

ராயபுரம்,
ஆகஸ்ட் 28.

அன்புள்ள மகன் பென்னிக்கு அம்மா எழுதுவது.

எல்லோரும் நலம் என்று ஆரம்பிப்பதுதான் முறை. அப்பாவுக்குச் சுகர் ஏறியிருக்கிறது, எனக்குத் தூக்கம் போய்விட்டது, மற்றபடி நலம். ஊருக்கு வந்திருந்த உன் சிநேகிதன் ரெஜி நாளை மங்களூருக்குத் திரும்புகிறான். போனைக் கொடுத்தால் நீ கையை ஆட்டி வேண்டாம் என்கிறாயாம். கடிதத்தைப் பார்த்துக் கையை ஆட்டினால் அது போய்விடாது அல்லவா, அதனால்தான் எழுதுகிறேன். கூடவே வஞ்சிரக் கருவாடும் எலுமிச்சை ஊறுகாயும் கொடுத்து அனுப்புகிறேன். ரெஜி ரூமில் நீ ஒரு வேளைதான் சாப்பிடுகிறாய் என்று தெரியும். மீன்பிடித் துறைமுகத்தில் இருந்துகொண்டு பட்டினி கிடக்கிறவன் உலகத்திலேயே நீ ஒருவன்தான்.

உன் அப்பாவின் மியூசியம் திறந்தாகிவிட்டது. காலடிப்பேட்டையில் மூடிக் கிடந்த கேரம் கிளப்பில்தான். அப்பா, நேவியில் இருந்த கருணாகரன் அண்ணன், இன்னும் மூன்று ரிட்டயர்டு ஆட்கள். ஐந்து பேருக்கும் சேர்த்து முட்டி வலி இல்லாத கால் மூன்று தேறினால் அதிசயம். அவர்களே சுண்ணாம்பு அடித்தார்கள், அவர்களே கண்ணாடிப் பெட்டி செய்தார்கள், வீடு வீடாகப் போய்ப் பட்டாளத்துச் சாமான் கேட்டு வாங்கினார்கள். பூட்ஸ், கம்பளித் தொப்பி, நசுங்கிய தண்ணீர்க் குப்பி என்று சேர்ந்துவிட்டது. கண்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் கண்ணாடி கடகடவென்று ஆடுகிறது. உப்புக் காற்றில் இரும்பு நிற்காது என்று அப்பா ஒரு சட்டம் போட்டார். சாமான் கொடுத்த வீட்டுக்காரர்களே ஞாயிறு பூசை முடிந்து வந்து, அவரவர் பெட்டியைத் திறந்து எண்ணெய் போட்டுத் துடைக்க வேண்டும். சாவியும் அவரவர் கையில்தான்.

முதல் பெட்டி ஜெரினுடையது. நீ ரயிலில் கொண்டுவந்து அவன் அம்மா சிலுவையம்மாளிடம் கொடுத்தாயே, அந்த டிரங்குப் பெட்டியில் இருந்ததெல்லாம் அதில்தான் இருக்கிறது. ஒரே தெருவிலிருந்து ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தீர்கள். மலை சரிந்து அவனை மூடியபோது பக்கத்தில் நின்றவன் நீ என்பது எனக்குத் தெரியும். அதற்கு மேல் நீ சொன்னதில்லை. லீவில் இருந்த இருபது நாளும், தெருவில் லாரி சத்தம் கேட்டாலே கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாய். நான் பார்த்தேன், கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவாய், அழுதால் திரும்பிப் போகமாட்டாய் என்று பயந்தேன். அது என் தப்புதான், பென்னி.

இரண்டாவது பெட்டி நம்முடையது. உன் போட்டோவும், பயிற்சி முடிந்த அணிவகுப்பில் பெற்றவர்களுக்குக் கொடுத்த வெள்ளிப் பதக்கமும் அதில் வைத்தார் அப்பா. அதைச் சட்டையில் குத்தியபோது அவர் அழுதுவிட்டு, கண்ணில் தூசி என்று சொன்னது நினைவிருக்கிறதா?

திறப்பு விழா பதினைந்தாம் தேதி. அதற்கு மூன்று நாள் முன்பு ஒரு கான்ஸ்டபிள் வீட்டுக்கு வந்து, ஆறாம் தேதி ட்யூட்டியில் சேர வேண்டிய உங்கள் மகன் சேரவில்லை, எங்கே இருக்கிறான் என்று விசாரித்தார். நீ அங்கே இருப்பதாக ரெஜி அதற்குள் போன் செய்திருந்தான். அப்பா தெரியாது என்று சொல்லிவிட்டார். அதைக்கூட நான் மன்னிப்பேன். விழாவில் நம் பெட்டிப் பக்கத்தில் நின்று மைக்கைப் பிடித்து, என் மகன் இந்த நேரத்தில் எல்லையில் காவல் நிற்கிறான் என்றார் பார், அப்போது பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். சிலுவையம்மாளும் தட்டினாள். உன் மேல் கோபமா, அவர் மேல் கோபமா என்று கேட்டால், இரண்டு பேர் மேலும்தான்.

போன ஞாயிறு துடைக்கப் போகும் நேரத்தில் அப்பாவுக்குத் திடீரென்று காய்ச்சல் வந்துவிட்டது. தெர்மாமீட்டருக்குத் தெரியாத காய்ச்சல். நான் போனேன். பெட்டியைத் திறந்து பதக்கத்தை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டேன். பொய்க்குச் சாட்சியாக அது அங்கே இருக்கக் கூடாது என்று தோன்றியது. சிலுவையம்மாள் பார்த்துவிட்டாள். ஜெரினுடைய பெல்ட்டைத் துடைத்தபடியே, இன்னா ஆலிசு, எங்க எத்துகினு போற என்று கேட்டாள். அவளிடம் எனக்குப் பொய் வரவில்லை. பென்னி திரும்பிப் போகவில்லை, ஒளிந்திருக்கிறான் என்று சொல்லிவிட்டேன்.

முகத்தில் காறித் துப்புவாள் என்றுதான் நின்றேன். அவள் பிள்ளை மண்ணுக்குள், என் பிள்ளை தப்பி ஓடிவிட்டான். வேறு எப்படி எடுத்துக்கொள்வாள்? அவள் கேட்டது ஒன்றே ஒன்று. உசுரோட கீறானா என்றாள். தலையை ஆட்டினேன். அத்த மொதல்ல சொல்றதுக்கு இன்னாடி கேடு உனுக்கு என்று கத்தினாள். என் புள்ள ஓடியாந்திருந்தா மாதா கோயிலுக்கு முட்டி போட்டே போயிருப்பேன்டி என்று சொல்லிவிட்டு, பிறகுதான் அழுதாள். நானும் அழுதேன்.

எண்ணெய்க் கையோடு நேராக நம் வீட்டுக்கு வந்தாள். படுத்திருந்த அப்பாவை எழுப்பி, யண்ணே, மைக்கு புட்ச்சி பொய் சொன்னியே, அதே வாயால புள்ளய கூப்புடு என்றாள். அவள் போன பிறகு அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு வெகுநேரம் அழுதார். இந்த முறை தூசி என்று சொல்லவில்லை.

மறுநாள் கிளப்புக்குப் போய் நால்வரிடமும் உண்மையைச் சொல்லி, நான் விலகிக்கொள்கிறேன் என்றாராம். ஒருத்தன்கூட ஓடாத பட்டாளம் எந்த ஊர்ல கீது செல்வநாதா, குந்து என்று கருணாகரன் அண்ணன் உட்கார வைத்திருக்கிறார். உன் போட்டோவை யாரும் எடுக்கவில்லை. பதக்கம் என் பீரோவில் இருக்கிறது.

இனி அப்பா சொன்னதை எழுதுகிறேன். நீ சேர வேண்டிய நாளிலிருந்து முப்பது நாள் தாண்டினால் விசாரணை வைத்து, ஓடிப்போனவன் என்று எழுதிவிடுவார்களாம். இன்றோடு இருபத்திரண்டு. அதற்குள் நீயாகப் போய் நின்றால் தண்டனை இருக்கும், ஆனால் குறையும். பயிற்சி எடுத்த சென்டருக்கே போகலாம். அங்கே டாக்டரிடம் உன் நிலைமையைச் சொல்லலாம். ஞாயிறு காலை ரெஜி ரூமுக்கு வருகிறேன், சென்டர் கேட் வரைக்கும் கூட வருவேன் என்று எழுது என்றார். வேறென்ன எழுத என்று கேட்டேன். அவ்வளவுதான் என்று எழுந்து போனார். பாதி தூரம் போனவர் திரும்பி வந்து, அவன் காலில் செருப்பு இருக்கிறதா என்று கேட்டு எழுது என்றார்.

ஞாயிறு அன்று எங்கேயும் போய்விடாதே, கண்ணு. ராத்திரியில் படகுத் துறையில் தனியாகப் போய் நிற்கிறாயாம், அதையும் ரெஜி சொன்னான். இனி நிற்காதே. நின்றுதான் ஆக வேண்டும் என்றால் அவனை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போ.

இனி எழுதுவது அப்பாவுக்குத் தெரியாது. கேட் வரைக்கும் போன பிறகும், உள்ளே கால் வைக்க முடியவில்லை என்றால் அவரிடம் சொல். திட்டுவார். நடு ரோடு என்றும் பார்க்காமல் திட்டுவார். திட்டி முடிக்கட்டும். அதற்குப் பிறகு அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, அவரையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடு.

மாதா உன் கையைப் பிடித்துக்கொள்ளட்டும்.

உன் அம்மா,
ஆலிஸ்