ஊரில் இருக்கும் தம்பி

புனே, 28.3.2005

அப்பாவுக்கு அமுதவல்லியின் வணக்கம். உப்பளத்தில் வெடித்த உங்கள் கால் ஆறிவிட்டதா? அம்மா சாப்பிடுகிறாளா? நான் நலம். வேதியியல் ஆராய்ச்சியும் நன்றாகவே நடக்கிறது.

நேற்று ஒரு வேடிக்கை. ஆய்வகத்தில் குழாய் உடைந்து, தரையெல்லாம் தண்ணீர் ஓடியது. எல்லோரும் நோட்டுகளைத் தூக்கினார்கள். நான் மேசைமேல் ஏறி, “டேய் கலையரசா, கைய குடுடா!” என்று கத்தினேனாம். தமிழ் தெரிந்த எங்கள் பேராசிரியர், “யாரும்மா அது?” என்றார்.

“என் தம்பி சார். ஊர்ல இருக்கான்.”

சுனாமியில் அவன் போய் மூன்று மாதமாகியும் வாயில் அப்படித்தான் வந்தது.

இங்கே ஏசி குளிர் தாங்கவில்லை. அவனுடைய முழுக்கைச் சட்டையை அனுப்புங்கள், துவைக்க வேண்டாம்.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள். பேராசிரியர் போன் செய்து தம்பியை விசாரித்தால், உப்பளத்துக்குப் போயிருக்கிறான் என்று சொல்லிவிடுங்கள் அப்பா.

அமுதா