என்னோடு அவள் நோற்ற விரதம்

ஜனவரி 8, வியாழன்

இன்றும் உபவாசம், ஆனால் தனியாக அல்ல. தம்பி மகள் காலையிலேயே என் அறை வாசலில் வந்து நின்று, இனி வியாழன்தோறும் தானும் என்னோடு விரதம் இருக்கப்போவதாகச் சொன்னாள். பதினோராம் வகுப்புத் தேர்வு வருகிறது, மனம் ஒருமுகப்பட வேண்டுமாம். அந்த வயதில் எனக்கு வாய்க்காத வைராக்கியம்! பேருந்து ஓட்டும் என் தம்பிக்கு வாய் சும்மா இராது. “பூசணிக்கு பக்தி முத்திடுச்சுண்ணே. சாயங்காலம் பிரிட்ஜைப் பூட்டி வையுங்க” என்றான். குழந்தையில் கொழுகொழுவென்று இருந்தவளுக்கு அவன் இட்ட செல்லப்பெயர் அது. அவளும் சிரித்தாள்.

ஜனவரி 18, ஞாயிறு

நூலக அரங்கில் என் சொற்பொழிவு. பழம்பாடல்கள் பெண்ணெழிலைப் பாடும் திறம் பற்றிப் பேசினேன். கொடியிடை, மின்னலிடை, உண்டோ இல்லையோ என்று காண்பவர் ஐயுறும் இடை – சொல்லச் சொல்லச் சபை மகிழ்ந்தது. முன்வரிசையில் இருந்த தம்பி மகளைக் காட்டி, இந்நாளிலும் நோன்பு நோற்கும் இளையோர் உண்டு என்று பெருமையோடு சொன்னேன். எல்லோரும் அவளை எட்டிப் பார்த்தனர்.

வீடு திரும்பும்போது கேட்டாள்: “ஒல்லியா இருக்கறவங்களைத்தான் பாடுவாங்களா, பெரியப்பா?”

“பின்னே? உவமை கிடைக்க வேண்டாமா?” என்றேன். நகைச்சுவை என்றே நினைத்துச் சொன்னேன்.

ஜனவரி 29, வியாழன்

செவ்வாயையும் சேர்த்துக்கொண்டாளாம். என்னை விஞ்சிவிட்டாள்.

பிப்ரவரி 11, புதன்

மனம் ஒருநிலையில் இல்லை. குளியலறை நீர் வடியவில்லை என்று சல்லடையைத் தூக்கினேன். கை நிறைய முடி – நரைத்தது ஒன்றுகூட இல்லை, எல்லாம் கருமுடி. கண்ணாடியின்மேல் துவாலை போர்த்தியிருந்தது. நேற்று நான் எடுத்தேன். இன்று மறுபடியும் போர்த்தியிருக்கிறது. வெயில் கொளுத்தும்போது கம்பளிச் சட்டை. லிப்ட் இருந்தும் நான்கு மாடி படியேறி, மீண்டும் இறங்கி, மீண்டும் ஏறுகிறாள்.

தம்பி மனைவியிடம் சொன்னேன். சலவைக்கூடத்தில் நின்றே வேலை செய்து களைத்து வருபவள். அவளும் கேட்டாளாம், ஏன் சாப்பிடவில்லை என்று. “பெரியப்பாகூட விரதம்” என்று பதில் வந்ததாம். அதற்குமேல் அவள் கேட்கவில்லை. என் பெயரைச் சொன்னால் இவ்வீட்டில் யார்தான் கேட்பார்கள்?

என்ன இது? பக்தியா? பக்தி என்றால் கண்ணாடிக்கு ஏன் போர்வை?

பிப்ரவரி 12, வியாழன்

எழுத்து வரல.

பிரார்த்தனையில இருந்தேன். மாடிப்படியில சத்தம். ஓடினேன். மூணாவது மாடித் திருப்பத்துல கிடக்கிறா. உதடு நீலம். தூக்கினேன் – எழுபத்திரண்டு வயசு, இடுப்பு பிடிச்சவன், நான் தூக்கினேன். எடையே இல்ல. ஐயோ, எடையே இல்ல. இந்த இடையைத்தானே நான் மேடையில நின்னு பாடினேன்?

பிப்ரவரி 13, வெள்ளி

மருத்துவர் இளம்பெண், கண்டிப்பானவர். இதயம் மிக மெதுவாகத் துடிக்கிறது, உப்புச் சத்து குறைந்திருக்கிறது, சில நாள் கண்காணித்த பிறகே எதுவும் சொல்ல முடியும் என்றார். பிழைப்பாளா என்று நான் கேட்டேன். அவர் அவளுடைய மருத்துவக் கோப்பின் தாளை மீண்டும் புரட்டினார்.

பிறகு, வீட்டில் யார் விரதம் இருப்பது என்று வினவினார். “இனிமே அந்த வீட்டுல யாரும் பட்டினி கிடக்கக் கூடாது. நீங்களும்தான், ஐயா.”

மனைவி மறைந்த ஆண்டில் இறைவன்முன் எடுத்த சங்கற்பம் இது என்றேன். அவர் கோப்பை மூடிக்கொண்டு எழுந்துவிட்டார்.

பிப்ரவரி 15, ஞாயிறு

தாயிடம் வாய் திறந்தாளாம். இப்போதும் கண்ணாடியில் பூசணிதான் தெரிகிறதாம். தம்பி வார்டுக்கு வெளியே தரையில் அமர்ந்துவிட்டான். சீருடையைக்கூட மாற்றவில்லை. “ஆசையாத்தானே கூப்பிட்டேன், அண்ணே” என்று மட்டும் சொன்னான்.

நானும் ஆசையாகத்தான் பாடினேன்.

பிப்ரவரி 18, புதன்

நாளை வியாழன். அஞ்சுகிறேன். சங்கற்பத்தை முறித்தால் இறைவன் அவள்மேல் சினம் கொள்வானோ? முறிக்காவிட்டால் அவள் என்னைப் பார்த்தே மாய்ந்துபோவாளோ? இத்தனை ஆண்டு ஓதிய மறைகள் அனைத்தும் இந்த ஒரு வினாவின்முன் வாயடைத்து நிற்கின்றன. அன்போடு ஒப்பிட்டால் சினம் இறைவனுக்குச் சிறு குணம் என்று பலருக்கு எடுத்துரைத்தவன் நான். நம்பித்தான் சொன்னேனா?

பிப்ரவரி 19, வியாழன்

மருத்துவமனை உணவகத்தில் சோறு வாங்கி, அவள் கட்டிலருகே அமர்ந்து உண்டேன். முதல் கவளத்தைத் தண்ணீர் குடித்து விழுங்கினேன்.

அவள் வெறித்துப் பார்த்தாள். “இன்னிக்கு வியாழக்கிழமை, பெரியப்பா. கடவுள் கோச்சுக்க மாட்டாரா?”

“கோச்சுக்கட்டும். அது எனக்கும் அவருக்கும் உள்ள வழக்கு. உன்னை சாட்சிக்குக்கூடக் கூப்பிட மாட்டோம்.”

சிரிக்கவில்லை. தன் கிண்ணத்திலிருந்த கஞ்சியில் மூன்று வாய் குடித்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி அழுதாள். வயிறு வீங்குகிறது என்றாள், என்னைக் கெடுக்கிறீர்கள் என்றாள். செவிலி வந்து என்னை வெளியே அனுப்பினார்.

பிப்ரவரி 24, செவ்வாய்

இதயத் துடிப்பு சற்றே தேறியிருக்கிறதாம். சற்றே.

மார்ச் 3, செவ்வாய்

வீட்டுக்கு அழைத்து வந்தோம். மனநல ஆலோசகரிடம் வாரம் இருமுறை செல்ல வேண்டும். நாட்கள் பிடிக்கும், பின்னடைவும் வரும் என்று எச்சரித்தார்கள். காலையில் ரொட்டித் துண்டொன்றைத் தலையணையுறைக்குள் கண்டேன். கூச்சலிடாமல் அவள் தாயிடம் கொடுத்தேன். குளியலறைக் கதவு சற்று நேரம் திறக்கவில்லையென்றால் என் உயிர் என்னிடம் இல்லை.

மார்ச் 12, வியாழன்

இரவு உணவுக்கு நால்வரும் அமர்ந்தோம். அவள் கரண்டி தட்டின்மேல் அசையாதிருந்தது. என் கண் அதைவிட்டு அகலவில்லை.

“பெரியப்பா, என் தட்டைப் பார்க்காதீங்க. பயமா இருக்கு.”

எனக்கும் பயமா இருக்கும்மா என்று சொல்ல வாயெடுத்தேன். என் தட்டையே பார்த்து உண்டேன். தம்பி தன் வழித்தடத்தில் பேருந்துக்குள் ஏறிவிட்ட ஆட்டைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். பயணச்சீட்டு வாங்காத ஒரே பயணி அதுதானாம். எதிர்ப்புறம் கரண்டி தட்டில் உரசும் ஓசை கேட்டது. நின்றது. நெடுநேரம் நின்றது.

மறுபடியும் கேட்டது. நான் நிமிரவில்லை.