கம்ப்யூட்டருக்கு வைத்த சந்தனம்

ஐப்பசி, வியாழக்கிழமை, இரவு.

தூக்கம் வரவில்லை. சந்தோஷம்தான் காரணம்.

மருமகள் கலா சேலை பார்டருக்கு டிசைன் போடும் புதுக் கம்ப்யூட்டர் சில நாட்களாக மந்தமாக இருந்தது. அதன் மூளையான பிராசஸர் நாலரை கிகாஹெர்ட்ஸ் வேகத்துக்கு மேல் ஓட வேண்டுமாம், மூன்றைத் தாண்டவில்லை. இன்று சாயங்காலத்துக்குள் டிசைன் போகாவிட்டால் ராசிபுரத்து முதலாளி ஆர்டரை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார் என்ற நிலை.

செட்டிங் எல்லாம் மாற்றிப் பார்த்துவிட்டு, கலா மேசைக்கடியில் புகுந்தாள்.

“மாமா, திரையில ‘வேகம்’னு இருக்கறதப் படிங்க. ‘அடிப்படை வேகம்’ வேறீங்க, அது மாறாது.”

இந்த வயதில் எழுதப் படிக்கக் கற்கும் நான் பழகத்தான் திரையைத் தமிழுக்கு மாற்றி வைத்திருந்தாள்; இந்த நோட்டும் எழுதிப் பழக அவள் கொடுத்ததுதான்.

கீழிருந்து கலாவின் சிரிப்பு வந்தது. “ஏனுங்க அத்த, இது மூச்சு உடற ஓட்டையில சந்தனத்த அப்புனது நீங்கதானுங்களே?”

ஆயுத பூசைச் சந்தனம். அதில் தறிப் பஞ்சு ஒட்டிக் காய்ந்து, காற்றுக்கு வழியே இல்லை.

“தறிக்கு வெச்சேன், வண்டிக்கு வெச்சேன். இதுக்கு வெக்காட்டி நீதான கண்ணு கோவிச்சுக்குவ?” என்றாள் என் மனைவி.

கலா துடைத்துவிட்டு டிசைனை ஓட்டினாள். நான் எழுத்துக் கூட்டினேன். வேகம், மூன்று புள்ளி ஒன்பது. வேகம், நான்கு புள்ளி இரண்டு. வேகம், நான்கு புள்ளி ஆறு! கத்தியே விட்டேன்.

இருட்டுவதற்குள் டிசைன் போய்விட்டது. ஆர்டர் நமக்குத்தான்.

“போதுங்க மாமா, வேகம் வந்துருச்சு” என்று கலா சொன்னாள். திரையில் அதற்குக் கீழே ‘நினைவகம்’ என்று இருந்தது. யாரும் கேட்காமலே அதையும் படித்தேன்.