மூன்றாம் முறை உயர்ந்த தரை

அன்புள்ள பெரியவளுக்கு, இங்கே எல்லோரும் நலம். பனியை அளக்கப் போன அந்தக் கப்பலில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். என் மணிக்கட்டுக் கட்டை இன்னும் அவிழ்க்கவில்லை, அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கைதான் எழுதுகிறாள். அப்பா வீட்டுத் தரையை மூன்றாம் முறையாக ஒரு சாண் உயர்த்திவிட்டார். இனி கடல் என்ன, அதன் பாட்டனே வந்தாலும் உள்ளே நுழைய முடியாதாம். கை இடிக்கிறதென்று மின்விசிறியைக் கழற்றியாயிற்று. கதவை அடியில் அறுத்துக் குட்டையாக்கியதில் குனிந்துதான் வர வேண்டும். "உங்க வீட்டுக்கு வந்தாலே பணிவு தானா வந்துடுதும்மா" என்று தபால்காரர் சிரிக்கிறார். கொத்தனாரைக் கட்டிக்கொண்டவளுக்கு என்ன கவலை, நீயும் கவலைப்படாதே.

அக்கா, இதுவரை அம்மா சொன்னது. எல்லோரும் தூங்கிவிட்டார்கள், இனி நானாக எழுதுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. தண்ணீர் இப்போது வாசல் வழியாக வருவதில்லை, சமையலறைச் சாக்கடைத் துளையில் கீழிருந்து ஏறுகிறது. குழாய் அடைப்பு என்று அப்பா சிமெண்ட் பூசினார். மறுவாரம் படுக்கையறை மூலையில் கசிந்தது. தொட்டு நாக்கில் வைத்தேன், உப்பு. அங்கே நிலத்தின் மேல் கிடக்கும் பனி உருக உருக இங்கே கடல் ஏறும், ஒரு வருஷத்தோடு நிற்காது என்று நீ சொன்னதை அப்பாவிடம் சொன்னேன். "அவ அளக்கட்டும், நான் ஏத்துறேன், யார் ஜெயிக்கிறான்னு பாப்போம்" என்றார். மேட்டுப் பகுதியில் வீடு தருகிறோம் என்று நகராட்சி கொடுத்த விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடாமல் அலமாரி மேல் எறிந்துவிட்டார். அடுத்த மாதக் கடைசிதான் கெடு. அதன் பிறகு நமக்கு வீடு கிடையாது.

இதை எழுதும்போதே அம்மா பின்னால் வந்து நின்றுவிட்டாள். மறைப்பதற்குள் பிடுங்கிப் படித்தாள். அடி நிச்சயம் என்று நினைத்து, கிழித்துவிடுகிறேன் என்றேன். "கிழிக்காதடி. நான் முழுங்கினதைத்தானே எழுதியிருக்க. எல்லாம் நான் சொன்னதாவே இருக்கட்டும், உங்கப்பா கேட்டா என்னைக் கேக்கட்டும்" என்றாள்.

ஆகவே மகளே, மறுபடியும் அம்மா. விண்ணப்பத்தை இறக்கி என் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டேன். இது கிடைத்த அன்றே அப்பாவைப் போனில் கூப்பிட்டுப் பேசு. நீங்கள் தோற்றுவிட்டீர்கள் என்று மட்டும் சொல்லிவிடாதே. மேட்டில் எழும்பும் வீடுகளில் ஒரு சுவர்கூட நேராக இல்லையாம், அதைச் சொல். கொத்துக் கரணையைத் தூக்கிக்கொண்டு மறுநாளே போய் நிற்பார், கையெழுத்தை நான் வாங்கிக்கொள்கிறேன். காதை மூடாமல் கப்பல் தளத்துக்குப் போகாதே. ஒரு குறையும் இல்லாமல் வேலையை முடித்து நல்லபடியாக வந்து சேர்.

இப்படிக்கு,
மேலே உள்ள அத்தனை வரிகளையும் சொன்ன
உன் அம்மா